டீச்சருக்குத் தைத்த போர்வை

குறட்டைதானா அது என்று சிந்தாமணிக்கு நம்பிக்கை வரவில்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த கால்கள் தாமாகவே நின்றன. சக்கரம் தன் போக்கில் இன்னும் கொஞ்சம் சுற்றி ஓய்ந்தது. ஊசி துணிக்குள் இறங்கினபடியே நின்றுபோனது. பக்கத்து வீட்டு மிக்சியாக இருக்கும். இந்நேரத்துக்கு யார் அரைக்கப்போகிறார்கள், எல்லோரும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியாயிற்று. பரமத்தி ரோட்டில் போகிற லாரியாக இருக்கும். லாரி என்றால் வந்து, பெரிதாகி, போய்விடும். இது போகவில்லை. இங்கேயே இருந்தது, அவள் முதுகுக்குப் பின்னால், இதே அறையில், இரும்புக் கட்டிலின் மேல். கரகரவென்று ஏறி, ஒரு இடத்தில் வந்து தயங்கி, அப்புறம் புஸ்ஸென்று இறங்கியது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பினால் முக்காலி கிறீச்சிடும், கிறீச்சிட்டால் நின்றுபோகும். கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பினாள். அவர்தான். அவள் வீட்டுக்காரர் அர்த்தனாரி, புஷ்பராணி டீச்சருக்கென்று தைத்து முடித்த கிளிப்பச்சைப் போர்வையை மார்பு வரைக்கும் போர்த்துக்கொண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில். ஜன்னல் திறந்திருக்க, கொடியில் காயும் துணியின் நிழல் அவர் முகத்தில் ஆட ஆட.

படுக்கச் சொன்னது அவள்தான். புதுப் போர்வை ஒன்று முடிந்தால் யாராவது அதன் அடியில் படுத்து நாலு புரளு புரண்டு பார்க்க வேண்டும், தையல் விட்டு, கனத்துக்காக உள்ளே போட்டிருக்கும் கண்ணாடி மணி எங்கேயாவது கசிகிறதா, கனம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறதா என்று. வழக்கமாக அவளே படுத்துப் பார்ப்பாள். இன்றைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவரிடம், "ஏனுங்க, செத்த இதுல படுத்து ஒரு புரளு புரண்டு பாருங்க" என்றாள். "டீச்சரம்மா போர்வையில நானா? லுங்கியோடயா?" என்று பின்வாங்கினார். "குளிச்சுட்டுத்தான இருக்கறீங்க, படுங்க." வண்டிக்கு அடியில் ஆக்சில் பார்க்கப் போகிற மாதிரி மல்லாந்து, தோளை இப்படியும் அப்படியும் அசைத்து இடம் பிடித்து, போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொண்டார். வலது பக்கம் புரண்டார், இடது பக்கம் புரண்டார், கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "லோடு சரியா இருக்குது புள்ள. எங்கயும் சாயல." கொஞ்ச நேரம் கழித்து மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "காலி வண்டிதான் ரோட்டுல துள்ளிக்கிட்டே போவும். லோடு ஏத்திட்டா அப்படியே ரோட்டப் புடிச்சுக்கும்." அவள் ம் என்றாள். இன்னொரு போர்வை கையில் இருந்தது, பெங்களூரில் மகள் மேகலாவோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கு, மெரூன் நிறத்தில் பூப் போட்டது. அதில் அடுத்த வரிசை கட்டத்தை மூடிக்கொண்டிருக்கும்போதுதான் பின்னால் கரகரவென்று கேட்டது.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இந்தக் குறட்டைக்காக அவள் எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு, இது ஏதோ நோய் என்று நினைத்து மாமியாரை எழுப்பிக் கூட்டி வந்ததும், மாமியார் வந்து நின்று காது கொடுத்துவிட்டு, "அவுங்கப்பன் இதுக்கு மேல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. தலையணையால் அடித்திருக்கிறாள். மூக்கைப் பிடித்திருக்கிறாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தவள், மறுநாள் பஞ்சு உள்ளே போய்விட்டது என்று ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறாள். அவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டால் வீடு நிசப்தமாகி, அவளும் மேகலாவும் நிம்மதியாகத் தூங்குவோம் என்று படுப்பார்கள், இரண்டு நாளைக்கு மேல் அந்த நிசப்தமே தூக்கத்தைக் கெடுக்கும். வந்துவிட்டார் என்றால் திரும்பவும் சண்டை. மூன்று வருஷமாகச் சண்டை இல்லை. குறட்டை இருந்தால்தானே. இப்போது அது வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது, வெளியூர் போய்விட்டு எந்தத் தகவலும் சொல்லாமல் திரும்பி வந்த சொந்தக்காரரைப் போல, வா என்று கூட யாரும் சொல்லாமல். வாங்க, என்று மனசுக்குள் சொன்னாள். வாங்க, உட்காருங்க, போயிராதீங்க.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழை அது. மைசூர்ப் பக்கமிருந்து உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு அவர் திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. மலைப் பக்கமாகவே வண்டியை உரசி உரசிக் கொண்டுபோய் ஒரு பாறையில் ஏற்றி நிறுத்திவிட்டார். கிளீனருக்கு முழங்கையில் சிராய்ப்பு, இவருக்குக் கால் எலும்பில் விரிசல், அவ்வளவுதான். கிழங்குதான் மூட்டை பிரிந்து வளைவு வளைவாக உருண்டு போனது. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். ஊரே வந்து பார்த்தது. உசுரோட வந்தாரே, அது போதும் என்றது. அவளும் அதையேதான் சொன்னாள், ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினாள். கால் கூடிவிட்டது. ஆனால் கண் மூடினால் போதும், அந்த வலது கால் விறைத்து நீண்டு கட்டில் கம்பியைப் போய் அழுத்தும். அழுத்தி அழுத்திப் பார்க்கும். "புடிக்கல, புடிக்கல" என்று வாய் முனகும். திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துகொள்வார், உடம்பெல்லாம் வேர்த்து. கம்பியில் பழைய தலையணை ஒன்றைக் கட்டி வைத்தாள், கால் புண்ணாகாமல் இருக்கட்டும் என்று. டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். முனகல் குறைந்தது, கால் நிற்கவில்லை. வண்டி ஓட்டுவதை விட்டார். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மேற்பார்வைக்குப் போனார். அங்கேயும் மத்தியானம் எல்லோரும் வண்டி நிழலில் தூங்கும்போது இவர் மட்டும் உட்கார்ந்திருப்பாராம். கேட்டால், "எனக்குத் தூக்கம் பத்தாதுன்னு யாரு சொன்னா, நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்பார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்துப்போன அந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்.

ஒருநாள் ஆற்றாமையில் தன் காலைத் தூக்கி அவர் கால் மேல் போட்டாள். அது ஒரு யோசனையும் இல்லாமல் செய்தது, கோபத்தில் செய்தது என்றுகூடச் சொல்லலாம், அடங்கிக் கெட என்கிற மாதிரி. அடங்கியது. கொஞ்ச நேரம்தான், அவள் கால் மரத்துப்போய் எடுக்கிற வரைக்கும். மறுநாள் போனில் மேகலாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீ போட்டியே காலு, அதையேதான் இங்க போர்வையா செஞ்சு விக்கறாங்க. உள்ள கனம் வச்சுத் தெக்கிறது. மேல போத்திக்கிட்டா யாரோ புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குமாம்." வீடியோ ஒன்று அனுப்பினாள். தைக்கத் தெரிந்தவளுக்கு அதில் என்ன பெரிய வித்தை. இரண்டு துணியை ஒன்றாக வைத்து, நெடுக பட்டை பட்டையாகத் தைத்து, ஒவ்வொரு பட்டைக்குள்ளும் ஒரு குவளை கனத்தைக் கொட்டி, குறுக்கே தைத்து மூடி, திரும்பக் கொட்டி, திரும்ப மூடி, கட்டம் கட்டமாக மேலே ஏறிக்கொண்டே வர வேண்டியது. கனத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் சிக்கினாள். முதலில் ஆற்று மணலைச் சலித்துப் போட்டாள். விடிந்தபோது அவர் செங்கல் சூளையில் இருந்து வந்தவர் மாதிரி இருந்தார். அப்புறம் புளியங்கொட்டை. புரளும்போதெல்லாம் கலகலவென்று உருண்டது. "தாயம் ஆடற ஊட்டுக்குள்ள படுத்த மாதிரி இருக்குது புள்ள" என்றார். அப்புறம் அரிசி. ஒரு மாசத்தில் வண்டு வைத்துவிட்டது. "மேல அரிசி மூட்ட, கனவுல கெழங்கு மூட்ட. போதும் சாமி, உன்ற போர்வையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று கும்பிட்டுவிட்டார். மேகலா அதற்கப்புறம்தான் அந்தக் கண்ணாடி மணியை அனுப்பிவைத்தாள். ரவை மாதிரி இருக்கும், உள்ளங்கையில் கொட்டினால் தண்ணீர் போல ஓடும், சத்தமே இருக்காது. அதை வைத்துத் தைத்தது நன்றாக வந்தது. ஆனால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும், வேண்டாம் என்றார். அந்தப் போர்வை மேகலாவின் ஆபீசில் யாருக்கோ போனது. அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஊரார் எல்லாம் அவள் தைத்த போர்வையில் தூங்க, வீட்டில் ஒரு ஆள் முழித்துக்கொண்டே இருந்தார்.

இன்றைக்குத் தூங்குகிறார். தூங்குவது டீச்சருடைய போர்வையில். பொழுதோட டீச்சர் வருவார். அடுத்த தெருதான். நாளைக்கு விடிகாலை பஸ்ஸில் கொல்லிமலைக்குப் போகிறார், மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக, தனியாக, அங்கேயே தங்கிக்கொள்ள. அந்தப் போர்வையைக் கேட்க வந்த அன்றைக்கு டீச்சர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். பிரேயரில் மைக் வேண்டாத குரல் அவருக்கு. அன்றைக்குக் குசுகுசுவென்று பேசினார். "அக்கா, படுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அங்க போய்த் தனியா எப்படி இருப்பேன்னு நெனச்சாலே அடிச்சுக்குது. வெளிய யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ஹெட்மிஸ்டரஸுக்குப் பயம்னு தெரிஞ்சா பசங்க தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க." பூ கீ எதுவும் வேண்டாம், வெறும் கிளிப்பச்சை போதும் என்றார். நாள் தவறாது டீச்சர் என்று இவள் அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். எழுப்பிவிடலாமா. தோளைத் தொட்டால் போதும், திடுக்கென்று எழுந்து, "அட, கண்ணசந்துட்டனா" என்று வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கப்புறம் இன்னொரு மூன்று வருஷமா. எழுப்பாமல் மெதுவாக உருவிவிட்டு வேறு எதையாவது மேலே போட்டால்? கனம் போனது உடம்புக்குத் தெரியாதா. டீச்சரிடம் ஒருநாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னால்? மலைமேல் முதல் நாள் படுக்கையில் அந்தம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. ஐயோ அதுவும் பாவம். எழுப்பிவிடலாம். வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும், பொழுது இருக்கிறது. எழுப்பலாமா என்று ஒரு தடவை நினைப்பதற்குள் குறட்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. நினைப்பும் அதோடு ஏறி அதோடு இறங்கியது. எங்கேயும் போய்ச் சேரவில்லை.

அப்போது குறட்டை நின்றது. ஏறிய இடத்திலேயே நின்றது, இறங்கவில்லை. கனம் அதிகமோ. ஆள் எடைக்குப் பத்தில் ஒரு பங்குதான் வைக்க வேண்டும் என்று கணக்கு, டீச்சரும் ஒல்லி, இவரும் மூன்று வருஷத்தில் இளைத்து அந்த அளவுக்குத்தான் வந்திருக்கிறார், கணக்கு சரிதான், ஆனால் நெஞ்சின் மேலல்லவா கிடக்கிறது. எதிர்வீட்டு ராசாமணி தன் பேத்திக்கு ஒன்று தைத்துத் தரச் சொன்னபோது, பச்சைக் குழந்தைக்கெல்லாம் கூடவே கூடாது, தள்ளிவிடத் தெரியாத உசுரு மேல கனம் போடறதா என்று முகத்தில் அடித்தாற்போல மறுத்தவள் அவள். இவருக்குத் தள்ளத் தெரியுமே. தூக்கத்தில் தெரியுமா. முக்காலியை அசைக்காமல் எழுந்தாள். தரையில் சிந்திக் கிடந்த மணி இரண்டு மூன்று உள்ளங்காலில் குத்தியது. போர்வை மார்போடு நின்றிருந்தது, கழுத்து முகமெல்லாம் காற்றோட்டமாக. குனிந்து மூக்குக்கு நேரே விரலை வைத்தாள். சூடாக ஒரு மூச்சு வந்து விரலில் பட்டது. உடனேயே புஸ்ஸென்று மிச்சக் குறட்டையும் இறங்கியது, புளிச்ச மோர் வாசத்தோடு. விரலை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்தக் காலைப் பார்த்தாள். வலது கால். போர்வைக்கு வெளியே பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டில் கம்பியில் கட்டிய தலையணைக்கும் அதற்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, விரல்கள் பிரிந்து, சும்மா கிடந்தது. எதையும் மிதிக்காமல் சும்மா கிடந்தது. அந்தப் பாதத்தை இவ்வளவு நேரம் நின்று அவள் எப்போதும் பார்த்ததில்லை. பித்தவெடிப்புக்கு மருந்து போட வேண்டும் என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒலிபெருக்கி அலறியது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு என்று காய்கறி ஆட்டோ. உருளைக்கிழங்கு! வேறு காய் எதுவும் கிடைக்கவில்லையா இவனுக்கு. செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வெயிலில் தார் ரோடு சுட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றதும் ஓட்டுகிறவன் பயந்துபோய் ஒலிபெருக்கியை நிறுத்தினான். "என்னக்கா, ஏதாவது ஆயிருச்சா?" "ஒண்ணும் ஆகல கண்ணு. எங்க ஊட்டுக்காரரு தூங்கறாரு." அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "தூங்கறாரா?" "ஆமா கண்ணு, தூங்கறாரு!" அதைச் சொல்லும்போது வாயெல்லாம் பல்லாகிவிட்டது. எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று அவனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் சரிக்கா என்று சிரித்துவிட்டு, ஒலிபெருக்கி போடாமலேயே தெருவைத் தாண்டி உருட்டிக்கொண்டு போனான். கால் மாற்றிக் கால் துள்ளி வீட்டுக்கு வந்து வாசலில் நின்று காது கொடுத்தாள். கரகர. புஸ். இருக்கிறது, போகவில்லை. தெரு நெடுக யார் வந்தாலும் நிறுத்திச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

முக்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். மெஷினைத் தொடுகிற எண்ணமே இல்லை. பழைய மிதி மெஷின், தடதடவென்று வீட்டையே ஆட்டும். குழாய்த் தண்ணீர் சொட்டுகிறதா, போய்த் திருகி மூடினாள். போனை எடுத்து வெட்டுத் துணிக் குவியலுக்கு அடியில் திணித்தாள். ஜன்னலில் வந்து உட்கார்ந்த காகத்தைக் கத்தாமல் போ என்று கையால் கெஞ்சினாள். இனி ஒரு சத்தமும் இல்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டபோது மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றல் குறைந்து, குறைந்து, கிர்ரென்று முனகி நின்றது. வீட்டில் அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் குறட்டை தடுமாறியது. அவர் புருவம் நெரிந்தது. உதடு அசைந்தது. போர்வைக்கு மேலே தோள் ஒன்று எழும்பப் பார்த்தது. அவள் வலது காலைப் பார்த்தாள். பிரிந்திருந்த விரல்கள் ஒன்று சேர்ந்தன. பாதம் நிமிர்ந்தது. மெல்ல நீண்டு தலையணையைத் தொட்டது. வேண்டாம் சாமி, வேண்டாம், வேண்டாம். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிற மாதிரி மெஷின் பக்கம் திரும்பி மிதிப்பலகையில் இரண்டு காலையும் வைத்து மிதித்தாள். தட தட தடவென்று மெஷின் ஓடியது. ஐயோ, இதையா செய்தேன் என்று பல்லைக் கடித்தாள், ஆனால் நிறுத்தக் கால் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். பாதம் தலையணையை அழுத்தவில்லை. தொட்டபடி கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் விட்டுவிட்டது. விரல்கள் பிரிந்தன. கரகரவென்று குறட்டை முன்னைவிடப் பெரிதாக ஏறியது.

வண்டிதான். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் அந்த மின்விசிறிச் சத்தம்தான் எஞ்சினாக இருந்திருக்கிறது. எத்தனை வருஷம் அந்தக் கேபினில் இன்னொரு டிரைவர் ஓட்ட, இவர் பின்சீட்டில் படுத்துத் தூங்கியிருப்பார். எஞ்சின் ஓடுகிற வரைக்கும் தூங்குவார்கள், நின்றால் முழித்துக்கொள்வார்கள். பஸ்ஸில் அவளும்தான் அப்படி. அவள் பாட்டுக்குத் தெருவையே வாய் பொத்த வைத்துக்கொண்டிருந்தாளே, காகத்திடம் கெஞ்சினாளே! சிரித்துக்கொண்டே மிதித்தாள். சத்தம் போடலாம். இனி எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பூப் போட்ட மெரூன் துணி ஊசிக்கு அடியில் ஓடியது. குவளையில் மணியை அள்ளி ஒவ்வொரு பட்டையாகக் கொட்டினாள். அது சர்ரென்று இறங்கி அடித்தையலில் போய் உட்கார்ந்தது. கொட்டுகிற நேரத்தில் மெஷின் நிற்கக் கூடாதே என்று சக்கரத்தை ஒரு கையால் சும்மா உருட்டிக்கொண்டே கொட்டினாள். இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. ஏறுகிறது, வண்டி மேடு ஏறுகிறது, இதோ இறக்கம், மெதுவாக, மெதுவாக மிதி, வளைவில் அவசரம் கூடாது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிச் சுவரில் ஏறியது. மின்சாரம் எப்போது வந்தது, மின்விசிறி எப்போது சுற்றத் தொடங்கியது என்று கவனிக்கவில்லை. இன்னும் மேலே சில வரிசைதான் பாக்கி என்று துணியை உதறித் திருப்பும்போது வாசலில் நிழல் விழுந்தது.

புஷ்பராணி டீச்சர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, முடிஞ்சுதா?" என்று தன் பள்ளிக்கூடக் குரலில் ஆரம்பித்தவர், கட்டிலைப் பார்த்து நிறுத்தினார். தன் கிளிப்பச்சைப் போர்வையைப் பார்த்தார். அதற்கு மேலே மீசையோடு வாய் பிளந்து கிடக்கும் தலையைப் பார்த்தார். சிந்தாமணிக்கு முகம் சுண்டியது. மிதிப்பதை விடாமலே, "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். சரி பாக்கத்தான் படுக்கச் சொன்னேன். தூங்கிட்டாருங்க" என்றாள். "அதுக்கென்ன, எழுப்புங்க" என்று சொல்ல வந்த டீச்சர் சொல்லவில்லை. அவருக்கும் திம்பத்துக் கதை தெரியும், தெருவுக்கே தெரியும். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எப்ப இருந்து தூங்கறாரு?" "சாப்பிட்டதுல இருந்துங்க." "இதுக்கு முன்னாடி?" சிந்தாமணி இல்லையென்று தலையை ஆட்டினாள். டீச்சர் கொஞ்ச நேரம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு ஆசை வந்து போனது, பசித்தவர் அடுத்தவர் இலையைப் பார்க்கிற ஆசை. "நெஜமாவே வேலை செய்யுதா அக்கா இது?" "எல்லாருக்கும் எப்படின்னு தெரியாதுங்க. இவருக்குச் செய்யுது. இன்னிக்குச் செய்யுது." டீச்சர் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "அப்ப அது அவருக்கே இருக்கட்டும். இது யாருக்கு?" "பெங்களூர்ல ஒரு புள்ளைக்கு. அவளுக்கு வேற தெச்சுக்கலாங்க, ஆனா இது பூப் போட்டதாச்சே, உங்களுக்குப் பூ ஆகாதுன்னு..." "போச்சாது விடுங்க. மலை மேல யாரு வந்து பாக்கப்போறாங்க. குவளைய இப்படிக் குடுங்க, நான் கொட்டறேன், நீங்க தெய்யுங்க." "அந்தப் புள்ள கொஞ்சம் பூசினாப்பல இருப்பா. மேல் வரிசைக்கெல்லாம் குறைச்சே போடுங்க, உங்களுக்குச் சரியா வந்துரும்." "எத்தன?" "குவளையில அந்தக் கோடு வரைக்கும்." டீச்சர் கோட்டை உற்றுப் பார்த்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒரு மணிகூடச் சிந்தக் கூடாதென்று பார்த்துப் பார்த்துக் கொட்டினார். சிந்திய ஒன்றைப் பொறுக்கி உள்ளே போட்டார். கொட்டக் கொட்ட, ஏதோ பேசவும் ஆரம்பித்தார், மலைமேல் பலா வாசம் எப்படி இருக்கும், குவார்ட்டர்ஸ் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று. பேசப் பேச அவர் தோள் இறங்கிக்கொண்டே வந்ததைச் சிந்தாமணி பார்த்தாள்.

கடைசிக் கட்டம் மூடியது. சிந்தாமணி முனையில் திருப்பி இரண்டாம் தையல் போட்டு, ஊசியைத் தூக்கி, நூலை அறுத்தாள். முடித்த சந்தோஷத்தில் காலை எடுத்துவிட்டாள். மெஷின் நின்றது. டீச்சர் போர்வையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "அக்கா..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள். அர்த்தனாரி கண்ணைப் பாதி திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை இல்லை. திடுக்கிடல் இல்லை. தொண்டை கட்டின குரலில், சாவகாசமாகக் கேட்டார். "வண்டி நின்னுருச்சா? எந்த ஊரு?"

டீச்சர் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிந்தாமணிக்கும் சிரிப்பு நெஞ்சு வரைக்கும் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது. "நாமக்கல்லுங்க."

"நம்மூரா?" அவர் கண் திரும்ப மூடியது. "லோடு?"

"எறக்கியாச்சுங்க. எல்லாம் பத்திரமா எறக்கியாச்சு. நீங்க படுங்க."

"ம்" என்றார். பெரிய பாரம் ஒன்றை யாரிடமோ ஒப்படைத்தவர் போல நீளமாக ஒரு மூச்சு விட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி, கிளிப்பச்சைப் போர்வையைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். டீச்சர் பூப் போட்ட போர்வையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டி விடைபெற்று, பூனை நடை நடந்து படி இறங்கினார். சிந்தாமணி நூல்கண்டை எடுத்து வைத்தாள், ஊசியின் கீழிருந்து துணித் துண்டுகளை ஒதுக்கினாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நூலும் துணியும் இல்லாத மெஷினை, அவர் எழுந்துகொள்ளும் வரைக்கும், சும்மா மிதித்துக்கொண்டிருந்தாள்.